கட்டர் கத்தியைக் கையில் எடுக்கும் முன்: உள்ளலங்கார வேலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உள்ளலங்கார வேலைக்குப் புதிதாக வருபவரிடம் முதல் நாளே யாரும் டிரில்லிங் மெஷினைக் கொடுத்துவிட மாட்டார்கள். மரம் அறுக்கும் மெஷினின் பக்கத்தில் நிற்கவே விட மாட்டார்கள். ஆனால், கட்டர் கத்தியை மட்டும் எந்த யோசனையும் இல்லாமல் கையில் திணித்து, "தம்பி, அந்தப் பெட்டியெல்லாம் பிரிச்சு வை" என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஸ்டேஷனரிக் கடையில் பேனாவுக்குப் பக்கத்தில் தொங்கும் பொருள்தானே என்ற அலட்சியம் எல்லோரிடமும் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் வேலையில் நான் கழித்த இத்தனை ஆண்டுகளில், என் கண்ணெதிரே தையல் போட வேண்டிவந்த காயங்களை எண்ணிப் பார்த்தால், மெஷின்களால் வந்தவற்றைவிட இந்தச் சின்னக் கத்தியால் வந்தவையே அதிகம்.

இந்தக் கருவியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அதன் பிளேடு மிக மெல்லியது, மிகக் கடினமானது, தீர்ந்ததும் தூக்கி எறியத் தக்கது. மெல்லியதாக இருப்பதால் சிறிய அழுத்தத்திலேயே காகிதத்துக்குள்ளும் ரப்பருக்குள்ளும் இறங்குகிறது. அதே மெல்லிய தன்மையால்தான் பக்கவாட்டில் சற்றே நெம்பினாலும் ஒடிகிறது. கடினமாக இருப்பதால் கூர் நிற்கிறது. அதே கடினத்தால் வளைந்து கொடுக்கத் தெரியாமல் கண்ணாடிபோலத் தெறிக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த வேலைக்குக் கட்டரை எடுக்கலாம், எதற்குக் கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

எந்தக் கட்டரை வாங்குவது

கடையில் இரண்டு வகைகள் கிடைக்கும். ஒன்று, குறுக்கே சாய்வான வரிகள் போட்ட நீளமான பிளேடு உள்ளது. நுனி மழுங்கியதும் அந்த வரியில் ஒரு துண்டை ஒடித்துவிட்டு, அடுத்த துண்டின் புதுக் கூரை வெளியே தள்ளிக்கொள்ளலாம். ஜப்பானின் ஒசாகா நகரில் யோஷியோ ஒகாடா என்பவர் 1956இல் உருவாக்கிய அமைப்பு இது. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடியை உடைத்து உடைத்துப் புதுக்கூராகப் பயன்படுத்தியதும், கோடு போட்ட சாக்லேட் கட்டி வரிவரியாக ஒடிவதும் அவருக்கு இந்த யோசனையைத் தந்ததாகச் சொல்வார்கள். அவருடைய ஓல்ஃபா நிறுவனத்தின் பெயரே, 'ஒடிக்கும் பிளேடு' என்ற பொருள் தரும் ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்ததுதான்.

மற்றொன்று, சரிவகம்போல இரு முனைகளும் சாய்ந்த, ஏறத்தாழ 60 மி.மீ. நீளமுள்ள குட்டை பிளேடு பொருத்திய உலோகப் பிடி. ஸ்டான்லி கத்தி என்றால் பலருக்கும் இதுதான் நினைவுக்கு வரும். இதன் பிளேடு ஏறத்தாழ 0.6 மி.மீ. தடிமனோடு, ஒடிவதற்கான வரி ஏதும் இல்லாமல் இருப்பதாலும், பிடிக்கு வெளியே கொஞ்சமே நீட்டிக்கொண்டிருப்பதாலும், அழுத்தி வெட்டும்போது நம்பிக்கை தரும். ஒரு முனை தேய்ந்ததும் பிளேடைத் திருப்பிப் போட்டு மறுமுனையைப் பயன்படுத்தலாம். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. குறை என்னவென்றால், பிளேடை மாற்றுவதற்குச் சில வகைகளில் திருகைக் கழற்றிப் பிடியையே பிரிக்க வேண்டியிருக்கும். உயரத்தில், சாரத்தின் மேல் நின்றுகொண்டு இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. அதனால் மழுங்கிய பிளேடோடேயே வேலையை ஓட்டுவார்கள். விபத்து தொடங்குவதும் அங்கேதான்.

ஃபால்ஸ் சீலிங், தரைவிரிப்பு, வால்பேப்பர் போன்ற வேலைகளுக்கு வருபவர்கள் முதலில் 18 மி.மீ. அகலமுள்ள ஒடிக்கும் பிளேடுக் கட்டரை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. 9 மி.மீ. பிளேடு ஏறத்தாழ 0.4 மி.மீ. தடிமன்தான் இருக்கும், வால்பேப்பர், ஸ்டிக்கர், மாஸ்கிங் டேப் ஆகியவற்றுக்கு அது போதும், ஜிப்சம் போர்டுக்குப் போதாது. 18 மி.மீ. பிளேடு 0.5 மி.மீ. தடிமனும், 25 மி.மீ. பிளேடு 0.7 மி.மீ. தடிமனும் கொண்டவை. 25 மி.மீ. கட்டர் ரப்பர் ஷீட்டுக்கும் தடித்த கார்பெட்டுக்கும் உதவும். ஆனால் அது கனமானது, நாள் முழுவதும் பிடித்திருந்தால் மணிக்கட்டு வலிக்கும்.

வாங்கும்போது பிளேடைவிட அதன் உறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கும் கட்டர்களில் பிளேடு ஓடும் பாதை வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். கடையிலேயே பிளேடை இரண்டு துண்டு அளவுக்கு வெளியே தள்ளி, லாக்கைப் போட்டுவிட்டு, பிளேடின் தட்டையான பக்கத்தை விரலால் இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். கலகலவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். உள்ளே உலோக உறை உள்ள கட்டரில் அந்த ஆட்டம் ஏறக்குறைய இருக்காது. பிளேடு ஆடினால் கோடு கோணும் என்பது ஒரு பக்கம் இருக்க, ஆடும் பிளேடுதான் வேலையின் நடுவே ஒடியும் பிளேடும்.

லாக்கிலும் இரு விதம் உண்டு. கட்டைவிரலால் தள்ளினால் 'டிக் டிக்' என்று நகர்ந்து, விட்ட இடத்தில் தானே பூட்டிக்கொள்ளும் வகையை ஒரே கையால் இயக்கலாம். சக்கரம்போன்ற திருகை முறுக்கிப் பூட்டும் வகை அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் முறுக்க மறந்துவிட்டால் அழுத்தும்போது பிளேடு உள்ளே சறுக்கிக்கொள்ளும். புதியவர்களுக்குத் தானே பூட்டிக்கொள்ளும் வகையே நல்லது, ஏனென்றால் அது மறதிக்கு இடம் தருவதில்லை.

பிளேடைப் பற்றிக் கொஞ்சம்

பெரும்பாலான பிளேடுகள் கார்பன் ஸ்டீலால் ஆனவை. பாக்கெட்டில் எஸ்.கே.5, எஸ்.கே.2 என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். ஜப்பானியத் தர வரிசையில் அவற்றுக்கு இப்போது எஸ்.கே.85, எஸ்.கே.120 என்று பெயர். புதிய பெயரிலுள்ள எண் கார்பன் அளவைக் காட்டுகிறது: முதலாவதில் ஏறத்தாழ 0.85 சதவீதம், இரண்டாவதில் ஏறத்தாழ 1.2 சதவீதம். கார்பன் கூடக்கூடத் தேய்மானத்தைத் தாங்கும் தன்மை கூடும். இவ்வகை ஸ்டீலில் துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் இல்லாததால், மழைக்காலத்தில் பையில் போட்டு வைத்த பிளேடு ஒரே வாரத்தில் பழுப்பேறிவிடும். பாக்கெட்டின் உள்ளே எண்ணெய் தடவிய காகிதமோ பிளாஸ்டிக் டப்பாவோ இருந்தால் அதைத் தூக்கி எறியாமல், பிளேடுகளை அதிலேயே வைத்திருங்கள்.

கூர்முனை மட்டும் ஹை ஸ்பீடு ஸ்டீல் எனப்படும் கடினமான ஸ்டீலாலும் முதுகுப்பகுதி வளைந்து கொடுக்கும் ஸ்டீலாலும் ஆன பைமெட்டல் பிளேடுகளும் கிடைக்கின்றன. அவை சட்டென்று ஒடிவதில்லை, விலை கூடுதல். செராமிக் பிளேடுகள் துருப்பிடிக்காமல் நெடுநாள் கூர் தாங்கும். ஆனால் கீழே விழுந்தாலோ நெம்பினாலோ சில்லு தெறிக்கும் என்பதால், கட்டுமான இடங்களுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த பிளேடானாலும், அதை நட் போல்ட்டைப் போல, பெயின்டைப் போல, தீரும் சரக்காகக் கணக்கில் வைக்க வேண்டும். ஒரு பாக்கெட் பிளேடின் விலைக்கு இரண்டு டீ குடிக்கலாம் என்று மிச்சம் பிடிப்பவர், மழுங்கிய பிளேடால் ஒரு ஷீட்டைக் கெடுத்து அதைப்போலப் பல மடங்கை இழப்பார்.

முதல் வெட்டு: ஜிப்சம் போர்டு

கட்டரின் பலம் முழுமையாக வெளிப்படும் வேலை இதுதான் என்பதால், இதை வைத்தே பழகத் தொடங்கலாம். நம் ஊரில் பரவலாகப் புழங்கும் ஷீட் 6 அடிக்கு 4 அடி அளவும் 12.5 மி.மீ. தடிமனும் கொண்டது. இரு பக்கமும் காகிதம், நடுவே ஜிப்சம். ஜிப்சம் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஷீட்டை ஒடியாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் காகிதம்தான். ஆகவே காகிதத்தை ஒரு கோட்டில் அறுத்துவிட்டால், அதற்குப் பிறகு ஷீட் அந்தக் கோட்டிலேயே ஒடியும். கட்டர் இங்கே வெட்டுவதில்லை. எங்கே ஒடிய வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவே. இது புரியாத புதியவர்கள் 12.5 மி.மீ. ஆழத்தையும் கட்டராலேயே அறுக்க முயன்று, கை வலித்து, பிளேடையும் ஒடித்துக்கொள்வார்கள்.

ஷீட்டை அடுக்கின் மேலேயே, வெளிர்நிறக் காகிதமுள்ள முன்பக்கம் மேலே தெரியும்படி படுக்க வையுங்கள். வெட்ட வேண்டிய அளவை டேப்பால் இரண்டு ஓரங்களிலும் தனித்தனியே குறியுங்கள். ஒரே ஓரத்தில் குறித்துவிட்டு மறு ஓரத்தைக் கண்ணளவில் விடுவது எப்போதும் காலை வாரும். இரு குறிகளையும் சேர்த்து ஒரு அலுமினிய மட்டக்கோலை வையுங்கள். மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை வைக்காதீர்கள். கட்டர் அதன் விளிம்பின் மேல் ஏறி, அதை அழுத்திக்கொண்டிருக்கும் விரலுக்கு நேராக வந்துவிடும். மட்டக்கோலின் உயரம்தான் உங்கள் இடது கைக்குச் சுவர்.

இப்போது பிளேடை ஒரே ஒரு துண்டு அளவுக்கு, மிஞ்சினால் ஒன்றரைத் துண்டு அளவுக்கு வெளியே தள்ளுங்கள். நீளமாக நீட்டினால் ஆழமாக வெட்டும் என்று நினைப்பது தவறு. நீட்ட நீட்ட பிளேடு வளையும், வளைந்தால் வரியில் ஒடியும். இடது கை விரல்களை அகல விரித்து மட்டக்கோலை அழுத்துங்கள். விரல் நுனி எதுவும் கோலின் வெட்டும் விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கக் கூடாது. உங்கள் உடல் வெட்டும் பாதைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமே தவிர நேராக இருக்கக் கூடாது. தொடையின் மேலோ முழங்காலின் மேலோ வைத்து வெட்டும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள்.

கட்டரை ஷீட்டோடு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பிடித்து, பிளேடின் தட்டையான பக்கம் மட்டக்கோலை உரசும்படி, உங்கள் பக்கமாக ஒரே சீராக இழுங்கள். முதல் இழுப்பில் அழுத்தமே வேண்டாம். காகிதத்தின் மேல் ஒரு வழி போட்டால் போதும். கூரான பிளேடு செல்லும்போது 'சர்ர்' என்று ஒரே சுதியில் சத்தம் வரும். கரகரப்பாகவோ விட்டு விட்டோ வந்தால், காகிதம் அறுபடாமல் கிழிகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தி ஒரு துண்டை ஒடித்துவிடுங்கள். இரண்டாவது இழுப்பில் முந்தைய வழியிலேயே சற்று அழுத்தி, ஜிப்சத்துக்குள் 2, 3 மி.மீ. வரை இறக்குங்கள். 6 அடி நீளத்தை ஒரே வீச்சில் இழுக்கக் கை எட்டாது. பாதியில் நிறுத்தி, பின்னால் நகர்ந்து, விட்ட இடத்துக்கு ஒரு அங்குலம் முன்னாலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

அதன் பிறகு பிளேடை உள்ளே இழுத்துவிட்டு, கட்டரைக் கீழே வைத்துவிட்டு, இரு கைகளாலும் ஷீட்டைத் தூக்குங்கள். 'பிளேடை உள்ளே இழுத்துவிட்டு' என்ற இடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வெட்டிய கோட்டுக்குப் பின்னால் முழங்காலை முட்டுக் கொடுத்து, கோடு வாய் பிளக்கும் பக்கமாக ஒரே தட்டில் மடக்கினால், 'டப்' என்ற சத்தத்தோடு ஜிப்சம் ஒடிந்து, பின்பக்கப் பழுப்புக் காகிதத்தில் கீல்போலத் தொங்கும். மடிப்பின் உள்ளே ஒரு வழியைக் கட்டரால் போட்டால் ஷீட் இரண்டாகிவிடும். ஓரத்தில் பிசிறு இருந்தால், கட்டரைச் சாய்த்துப் பிடித்துச் சீவலாம், அல்லது ரம்பப்பல் போன்ற சீவுகருவியால் தேய்க்கலாம்.

பச்சைக் காகிதம் ஒட்டிய ஈரம் தாங்கும் போர்டும் இதே முறையில்தான் வெட்டுப்படும். தீயைத் தாங்கும் வகைப் போர்டில் கண்ணாடி இழைகள் கலந்திருப்பதால் பிளேடு சீக்கிரமே மழுங்கும்; அதற்கேற்ப அடிக்கடி ஒடித்துக்கொள்ளுங்கள். கால்சியம் சிலிகேட் போர்டு, ஃபைபர் சிமென்ட் போர்டு ஆகியவற்றைக் கட்டரால் தொடவே வேண்டாம். ஒரு மீட்டர் போவதற்குள் கூர் போய்விடும். அவற்றுக்கு கார்பைடு முனை வைத்த கீறுகத்தியோ மெஷினோதான் சரி. விளக்குப் பொருத்தும் வட்டத் துளைகளுக்கும் கட்டர் வேண்டாம். டிரில்லில் மாட்டும் ஹோல் சா அதற்காகவே இருக்கிறது.

துண்டை ஒடிப்பது எப்படி

ஒரு நாளைக்குப் பலமுறை செய்ய வேண்டிய இந்த வேலையைப் பலரும் மிக மோசமாகச் செய்கிறார்கள். சுவர் ஓரத்தில் வைத்து அழுத்துவது, தரையில் குத்துவது, வெறும் விரலால் மடக்குவது என்று எல்லா விதமும் பார்த்திருக்கிறேன். ஒடிந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முறை இதுதான். பிளேடின் ஒரு துண்டு மட்டும், முறிவு வரி உறையின் வாயைத் தாண்டித் தெரியும் அளவுக்கு வெளியே தள்ளி லாக் செய்யுங்கள். பிளேடின் ஒரு பக்கத்தில்தான் வரி ஆழமாக இருக்கும். அந்தப் பக்கம் மேலே பார்க்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கட்டரின் முனையை முகத்துக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் எதிர்த்திசையில் கீழ்நோக்கிப் பிடித்து, கட்டிங் பிளேயரால் அந்தத் துண்டை முழுவதுமாகக் கவ்வி, கீழ்ப்பக்கமாக மெல்ல மடக்குங்கள். வரி வாய் திறந்து, சின்னச் சத்தத்தோடு துண்டு பிளேயரிலேயே நின்றுவிடும். பிளேயர் கையில் இல்லாவிட்டால், கட்டரின் வால்பகுதியைப் பாருங்கள். பல கட்டர்களில் அங்கே கழற்றக்கூடிய ஒரு மூடியும், அதில் ஒரு பிளவும் இருக்கும். அந்தப் பிளவில் துண்டை நுழைத்து ஒடிப்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் கட்டர் பிடித்தவர்களிலேயே இது தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற பொருட்களில்

வினைல் தரைவிரிப்பில் கட்டர் நன்றாகவே வேலை செய்யும். 2 மி.மீ. வினைல் பலகைகளை ஜிப்சம் போர்டைப்போலவே மேலே கீறி மடக்கி ஒடிக்கலாம். சுருளாக வரும் வினைலையும் கார்பெட்டையும் சுவரோரமாக வெட்டும்போது, நேர்பிளேடு கீழேயிருக்கும் பொருளையும் கீறிவிடும். அங்கே கொக்கிபோல வளைந்த பிளேடைப் பொருத்திக்கொண்டால், அது பொருளைக் கீழிருந்து கவ்வி இழுத்து அறுக்கும், தரையைத் தொடாது. நீர்க்கசிவைத் தடுக்க மொட்டைமாடியில் ஒட்டும் 3, 4 மி.மீ. தார் மெம்பரேனுக்கும் இந்தக் கொக்கிப் பிளேடே ஏற்றது. தார் பிளேடில் ஒட்டிக்கொண்டு இழுக்கும்போது சிலர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். பக்கத்தில் கேஸ் டார்ச் எரியும்போது அதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ராக்வூல், கிளாஸ்வூல் போன்ற 50 மி.மீ. பஞ்சுப் பலகைகளுக்குத்தான் ஒடிக்கும் பிளேடின் நீளம் உண்மையில் பயன்படுகிறது. ஒரு பலகைத்துண்டை வைத்துப் பஞ்சை அமுக்கி, பிளேடை நீளமாக நீட்டி, அழுத்தாமல் இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். அப்போதும் குறைந்தது இரண்டு, மூன்று துண்டுகளாவது உறைக்குள்ளே இருக்கட்டும். முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஆசாரிகள் கட்டரை வேறு விதமாகப் பயன்படுத்துவார்கள், அது கற்றுக்கொள்ளத் தக்கது. பிளைவுட்டைக் குறுக்கே அறுக்கும் முன், பென்சில் கோட்டின் மேல் கட்டரால் ஒரு கீறல் போட்டுவிட்டால், மேலுள்ள மெல்லிய வெனீர் நார்கள் முன்கூட்டியே அறுபட்டுவிடும். பிறகு ரம்பம் போகும்போது ஓரம் சிலும்பாது. ஆனால் 1 மி.மீ. மைக்கா ஷீட்டை வெட்டுவதற்கு கார்பைடு முனை உள்ள மைக்கா கட்டரையே எடுப்பார்கள். சாதாரணக் கட்டரின் நுனி மைக்காவின் மேல் வழுக்கி அலையும், ஓரமும் சில்லு சில்லாகப் பெயரும்.

மின்வேலையில் கட்டருக்கு இடம் குறைவு. ஒயரின் இன்சுலேஷனைக் கட்டரால் சீவும்போது உள்ளே செம்புக் கம்பியில் ஒரு சிறு கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலில்தான் கம்பி பின்னால் ஒடியும், அல்லது கம்பியின் குறுக்களவு குறைந்து அங்கே சூடேறும். அதற்கு ஸ்ட்ரிப்பர் இருக்கிறது. உள்ளே இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிளின் வெளிப்புற பி.வி.சி. உறையைச் சுற்றி மேலோட்டமாக ஒரு கீறல் போட்டு, கேபிளை மடக்கி அந்த இடத்தில் பிளக்கச் செய்வது வரைக்கும் கட்டரை அனுமதிக்கலாம். மின்சாரம் ஓடும் ஒயரின் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது. பிடி பிளாஸ்டிக்தானே என்று நம்ப வேண்டாம். மின் காப்புக்காகச் சோதித்த கருவிகளில் 1000 வோல்ட் என்ற எண்ணும் இரட்டை முக்கோணக் குறியும் இருக்கும், கடையில் வாங்கிய கட்டரில் அது இருக்காது.

கட்டர் நெம்புகோல் அல்ல

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு நாள், பட்டி பார்ப்பதற்காக வந்திருந்த பக்கெட்டின் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். ஸ்குரூடிரைவர் மாடியில் இருந்தது. இறங்கியவன் திரும்ப ஏறச் சோம்பல்பட்டு, கையிலிருந்த கட்டரின் நுனியை மூடியின் இடுக்கில் நுழைத்து நெம்பினேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒடிந்த துண்டு எங்கே போனது என்று தரையில் தேடிக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற உதவியாளர் என் முகத்தைக் காட்டிச் சொன்ன பிறகுதான், கன்னத்தில், கண்ணுக்கு இரண்டு விரல் கீழே ரத்தம் வழிவது தெரிந்தது. அது ஆழமான காயமல்ல. ஆனால் அந்த இரண்டு விரல் இடைவெளி இன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது.

பெயின்ட் டப்பா மூடி, ஆணி, ஸ்டேப்பிள் பின், டைல் ஓரம், ஸ்குரூ தலை என எதையும் கட்டரால் நெம்பாதீர்கள், முறுக்காதீர்கள். பி.வி.சி. குழாயை அறுக்கவும் அது வேண்டாம். ஆக்ஸா பிளேடால் அறுத்த பிறகு ஓரத்துப் பிசிறைச் சீவ மட்டும் பயன்படுத்தலாம். கண்ணாடியில் ஒட்டிய சிலிக்கானை எடுக்கும்போது, பிளேடின் நுனியால் குத்தாமல் அதன் நீள விளிம்பைப் படுக்கவைத்துச் சீவுங்கள். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது டேப்பின் தடிமன் அளவுக்கே பிளேடு வெளியே இருக்கட்டும். உள்ளே இருக்கும் லேமினேட்டில் விழும் கோட்டுக்கு யாராவது ஒருவர் பணம் கட்டியாக வேண்டும். நாள் முழுவதும் பெட்டி பிரிப்பதே வேலை என்றால், விரலை எடுத்ததும் பிளேடு தானே உள்ளே போய்விடும் ஸ்பிரிங் வகையை வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கையைக் காப்பது

வலது கைக்காரர்களுக்குக் காயம் பெரும்பாலும் இடது கையின் ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும்தான் படும். ஆகவே வெட்டுத் தாங்கும் கையுறையை ஒரு கைக்கு மட்டும் போடுவதானால் கட்டர் பிடிக்காத கைக்குப் போடுங்கள். இ.என். 388 என்ற ஐரோப்பியத் தர எண்ணோடு வரும் கையுறைகளில் வெட்டைத் தாங்கும் திறனை ஏ முதல் எஃப் வரை எழுத்தால் குறிப்பார்கள். எஃப்தான் மிக உயர்ந்தது. அது வெட்டைத் தாமதப்படுத்தும், முழுவதுமாகத் தடுக்காது. நேராகக் குத்தும் நுனிக்கு அது பெரிய தடையும் அல்ல.

கட்டரைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்காதீர்கள். பிளேடை உள்ளே இழுத்துக் கீழே வையுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். ஏணியில் ஒரு படி ஏறுவதானாலும் இறங்குவதானாலும் பிளேடு உள்ளேதான் இருக்க வேண்டும். பேன்ட் பாக்கெட்டில் போட்டால், குனியும்போது லாக்கின் தள்ளி துணியில் மாட்டி பிளேடு தானே வெளியே வரும் வாய்ப்பு உண்டு. இடுப்பு பெல்ட்டில் தனி உறை வைத்துக்கொள்ளுங்கள். சாரத்தின் பலகை மேல் திறந்தபடி வைத்துவிட்டுப் போனால், கீழே நிற்பவருக்குத்தான் ஆபத்து.

வெட்டிவிட்டால், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். காபித்தூள், சிமென்ட், ஃபெவிகால் என்று அருகிலிருப்பவர்கள் சொல்லும் எதையும் காயத்தில் போடாதீர்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ, விரல் நுனி மரத்துப்போயிருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கலாம், அது கட்டுப் போட்டு ஆற்றும் காயமல்ல. டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும்

ஜிப்சம் தூள் உறைக்குள் படிந்தால் லாக்கின் பற்கள் சரியாகப் பிடிக்காது. மாலையில் பிளேடைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் உறையைத் தட்டித் துடைத்தால் போதும். தண்ணீரில் கழுவாதீர்கள். எண்ணெய் விடுவதானால் ஒரு துளிக்கு மேல் வேண்டாம். மறுநாள் வால்பேப்பரில் அது கறையாக வந்து நிற்கும். பசை ஒட்டிய பிளேடைத் துடைக்கும்போது முதுகுப் பக்கத்திலிருந்து கூர்ப்பக்கமாகத் துணியை ஓட்டுங்கள், நீளவாக்கில் ஓட்டினால் துணியோடு விரலும் அறுபடும்.

ஒடித்த துண்டுகளைத் தரையிலோ குப்பை மூட்டையிலோ போடுவது, உங்கள் காயத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதுதான். ஜிப்சம் தூளோடு சேர்த்து அள்ளுபவர் சித்தாளாக இருப்பார், வெறுங்கையால் அள்ளுவார். அதற்கு அடுத்துத் தொடுபவர் துப்புரவுப் பணியாளராக இருப்பார். மூடி உள்ள ஒரு பழைய மாத்திரை டப்பாவையோ பவுடர் டின்னையோ எடுத்து, மூடியில் துண்டு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, கருவிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டப்பா நிரம்பியதும் மூடியையும் கீறலையும் சேர்த்து டேப்பால் மூன்று, நான்கு சுற்றுச் சுற்றி, மேலே மார்க்கரால் 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, பழைய இரும்புக் கடைக்காரரிடம் உள்ளே இருப்பதைச் சொல்லிக் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.